வெள்ளிக்கிழமைக் கோழி

என் பொரித்த கோழிக்கு மேல் ரெமுலாட் ஊற்றித் தரும்படி ஒருவர் கேட்ட நாளில்தான், ஒடென்சேயில் கடை வைத்தது மடத்தனமோ என்று முதன்முதலாக யோசித்தேன். ரெமுலாட் என்பது இங்கே டேனிஷ்காரர் பொரித்த மீனுக்கு மேல் ஊற்றுகிற மஞ்சள் களி. ஊறுகாய்த் துண்டும் இனிப்பும் கலந்திருக்கும். கேட்டவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டு இல்லை என்றேன். அவர் எதிர்க்கடையில் ஒரு சின்னக் கிண்ணம் வாங்கி வந்து, என் கண்முன்னாலேயே கோழிக்கு மேல் கவிழ்த்தார். அன்று பொழுதுபடும்வரை நான் யாருக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எங்கள் கடை ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் இரும்புச் சாமான் செய்த தொழிற்சாலைக்குள் இருக்கிறது. இப்போது அதை உணவு மண்டபம் ஆக்கிவிட்டார்கள். நடுவில் நீள மேசைகள், சுற்றிவரக் கடைகள். ட்ராமில் வந்து இறங்குகிற சனம், சைக்கிளை வெளியில் சாத்திவிட்டு வருகிற சனம், பிள்ளை வண்டியோடு வருகிற சனம். இந்த ஊருக்குத் திடீரென்று பசி வந்துவிட்டது. நான் வந்த புதிதில் உருளைக்கிழங்கும் பன்றி வறுவலும் தவிர வேறொன்றும் தெரியாமல் இருந்தவர்கள், இப்போது என்னிடமே வந்து எந்த நாட்டுக் கோழி எப்படி இருக்கும் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

அந்த மண்டபத்தில் கோழிக்கடை மட்டும் மூன்று. வலது பக்கத்தில் கொரியாக் கோழி. மாவில் தோய்த்து இரண்டு தரம் பொரித்து, சிவப்புப் பாகு பூசி, மேலே எள்ளுத் தூவுவார்கள். கடிக்கும்போது அப்பளம் போல நொறுங்கும். அதில் குறை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுடைய பாகின் மணம் என் கடைக்குள் வந்து குந்திக்கொள்ளும். எதிரில் அமெரிக்கக் கோழி. இறைச்சியை இரவு முழுவதும் மோரில் ஊறவைத்து, தடித்த மாவுச் சட்டை போட்டுப் பொரித்து, வாஃபிளுக்கு மேல் வைத்துச் சர்க்கரைப் பாணி ஊற்றித் தருவார்கள். கோழிக்கும் பாணிக்கும் என்ன சொந்தம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ரெமுலாட் கிண்ணம் விற்றதும் அவர்கள்தான்.

மூன்றாவது நாங்கள். எங்கள் கோழிக்கு மாவும் இல்லை, சட்டையும் இல்லை. எலும்போடு சின்னத் துண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் வறுத்து அரைத்த தூளும் முதல் நாள் இரவே போட்டுப் பிசைந்து வைப்பேன். அடுத்த நாள் கொஞ்சத் தண்ணீர் விட்டு அவித்து, தண்ணீர் வற்றிக் கறி சட்டியில் பிடிக்கிற பதத்தில் எடுத்து, கொதிக்கிற எண்ணெயில் போடுவேன். கடைசியில் வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய். வெளியே கறுத்து, உள்ளே எலும்புவரைக்கும் தூள் இறங்கியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பொரித்த கோழி என்றால் அதுதான். அவிக்கும்போது ஒரு துளிச் சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்போம். உப்பும் உறைப்பும் அந்த ஒரு துளியில் பிடிபட்டுவிடும்.

இதை இந்த ஊருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எலும்பு ஏன் என்று டேனிஷ்காரர் கேட்டார்கள். ஏன் கருகிவிட்டது என்று கேட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள் கூட்டமாக வந்து, "அக்கா, சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் இல்லையா? இது என்ன, இவ்ளோ கறுப்பா இருக்கு?" என்றார்கள். சாப்பிட்ட பிறகு "செம காரம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த கிழமை கொரியாக் கடை வரிசையில் நின்றார்கள்.

அவர்களைக்கூட மன்னிக்கலாம். எங்களுடைய ஆட்களை நினைத்தால்தான் வயிறு பற்றி எரியும். ஒரு சனிக்கிழமை ஸ்கீவ என்கிற ஊரிலிருந்து பழைய சிநேகிதி ஒருத்தி குடும்பத்தோடு வந்தாள். அகதியாக வந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே குளிரில் ஒரே பஸ்ஸுக்கு நின்றவர்கள். என் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தாள். பிறகு, "இது வீட்டில செய்யிறது தானே, பிள்ளையளுக்கு வேற ஏதும் வாங்கிக் குடுப்பம்" என்று சொல்லிவிட்டு அமெரிக்கக் கடைக்கு நடந்தாள். அவளுடைய பிள்ளைகள் என் முன்னாலிருந்த மேசையில் பாணி வழிய வழியச் சாப்பிட்டார்கள். எங்களுடைய சாப்பாட்டுக்கு எங்களுடைய சனமே வரிசையில் நிற்காவிட்டால் வேறு யார் நிற்பது என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நின்று கை காட்டி வழியனுப்பினேன்.

இவ்வளவுக்கும் நடுவில் கடை ஓடியதற்கு ஒரே காரணம் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்கள் வரிசை கொரியாக் கடையைத் தாண்டி வாசல்வரை நீளும். மற்ற நாட்களில் வந்து முகம் சுளித்தவர்களைப் போன்ற டேனிஷ்காரர்களே வெள்ளிக்கிழமை இரண்டாம் தட்டு வாங்குவார்கள். வேலை முடிந்த சந்தோஷம், கையில் பியர், பசி என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கோழிக்குக் கடைசியில் ஆள் வந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டேன். தொடவும் மாட்டேன், வாயில் வைக்கவும் மாட்டேன். கலியாணத்துக்கு முதலே பிடித்த விரதம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் கிடந்தபோதும் விடவில்லை. முதலில் வெள்ளிக்கிழமை கடை பூட்டுவதாகத்தான் இருந்தோம். மண்டபத்துப் பொறுப்பாளன், என் மகள் வயதுடையவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை திறக்காதவருக்கு இங்கே இடம் இல்லை என்றான். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். வெள்ளிக்கும் சனிக்குமான கோழியை வியாழன் இரவே நான் பிசைந்து வைப்பது. வெள்ளிக்கிழமை காலையில் மகள் வந்து பின்னுக்கு இருக்கிற குசினியில் அவித்து, ருசி பார்த்து, பொரிப்பது. நான் வீட்டில் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு வந்து, முன்னுக்கு நின்று சோறும் பருப்பும் சலாட்டும் போட்டுக் கொடுப்பது. மகள் இங்கேயே பிறந்தவள். விரதம் பிடிப்பதில்லை. நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள். பகுதி நேரமாக ஒரு அலுவலகத்தில் வேலை, மீதி நேரம் என்னோடு.

வெள்ளிக்கிழமைக் கோழி நிறத்தில் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். அவசரப்பட்டு எண்ணெயிலிருந்து எடுக்கிறாள் என்று ஏசியிருக்கிறேன். அவள் தலையை ஆட்டுவாள். மணமும் வேறாக, மெல்லிய இனிப்பாக வரும். அது பக்கத்துக் கொரியாப் பாகு என்று விட்டுவிட்டேன்.

போன வசந்தத்தில் பொறுப்பாளன் மூன்று கோழிக்கடைக்காரரையும் கூப்பிட்டான். ஒரு மண்டபத்துக்கு மூன்று கோழிக்கடை அதிகம் என்றான். கோடைக்கு முதல் ஒரு கடை போக வேண்டும். ருசி பார்த்து முடிவு செய்வார்களாம். அவன், இந்த ஊர்ப் பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற ஒரு பெண், இன்னொருவர். வெள்ளிக்கிழமை மத்தியானம்.

"வேறு நாள் வைக்க முடியாதா?" என்று டேனிஷில் கேட்டேன். ஏன் என்றான். சொன்னேன். அவன் புருவத்தை உயர்த்தி, "அப்படியென்றால் நீங்கள் சாப்பிடாத ஒன்றையா எங்களுக்கு விற்கிறீர்கள்?" என்றான். பகிடியாகத்தான் கேட்டிருப்பான். எனக்குக் காது இரண்டும் சுட்டது. கிழமையில் ஒரு நாள் வாயைக் கட்டுவது என்றால் என்னவென்று, மூன்று வேளையும் வாய்க்கு வந்ததைத் தின்கிற ஒருவனுக்கு எந்த மொழியில் சொல்வது? நாள் மாறவில்லை.

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவர். பாதி கேட்டார், பாதி நித்திரை. மகள் மட்டும் கேட்டாள். எலும்பை எடுத்துவிடலாம், உறைப்பைக் குறைக்கலாம், ஒரு நாளைக்குத்தானே என்றாள்.

"இடத்துக்காக என்ரை கோழியை மாத்த ஏலாது" என்றேன். "கறுப்பா, உறைப்பா, எலும்போடை, இதுக்கு இந்த ஊரில இடம் இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். இல்லையெண்டா பூட்டிப்போட்டுப் போவம்."

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வியாழன் இரவு தூளை நானே புதிதாக வறுத்தேன். துண்டு துண்டாகப் பார்த்துப் பிசைந்தேன். வெள்ளிக்கிழமை அவர்கள் மூன்று பேரும் வந்து கொரியாக் கடையில் சாப்பிட்டார்கள், அமெரிக்கக் கடையில் சாப்பிட்டார்கள், கடைசியாக எங்களிடம் வந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்திரிகைப் பெண் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, எலும்பைத் திருப்பித் திருப்பிச் சூப்பினாள். பிறகு இன்னொன்று எடுத்தாள். தண்ணீர் கேட்கவில்லை. என் கோழியைத் தின்று தண்ணீர் கேட்காத முதல் டேனிஷ்காரி என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பின்னேரமே சொல்லிவிட்டார்கள். அமெரிக்கக் கடை போகிறது, நாங்கள் இருக்கிறோம். "உங்களுடைய வெள்ளிக்கிழமை வரிசைதான் பாதி முடிவைச் செய்தது" என்றான் பொறுப்பாளன். எதிர்க்கடைப் பொடியன் வந்து கை தந்தான். எனக்கு அழுகை வந்தது. மகளைக் கட்டிப் பிடித்தேன். அவள் என்னைவிட அதிகமாக அழுதாள். அவளுடைய சிநேகிதர்கள் வந்து அவளைக் கொண்டாடக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வழக்கமாக வெள்ளிக்கிழமை மிஞ்சுகிற கோழியை அவள்தான் பெட்டியில் போட்டுக்கொண்டு போவாள். அன்றைக்கு மறந்துவிட்டாள். சனிக்கிழமை காலை கடையைத் திறந்து குளிர்ப்பெட்டியைப் பார்த்தேன், பெட்டி இருந்தது. வென்ற கோழி. விரதமும் முடிந்துவிட்டது. சூடாக்கி ஒரு துண்டைக் கடித்தேன்.

இனித்தது. தேன் இனிப்பு. அதற்குப் பின்னால் மோரின் புளிப்பு. உறைப்பு எங்கோ தூரத்தில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்தது. வாயில் இருந்ததைக் குப்பைக்குள் துப்பினேன். இன்னொரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள், அதுவும் மிளகாயே போடாமல்.

அவள் சைக்கிள் தலைக்கவசத்தோடு உள்ளே வந்தபோது நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது என்ன?"

நேற்றையது என்றாள், டேனிஷில்.

"என்ன எண்டு கேட்டனான். எப்பத்தையது எண்டு கேக்கேல்லை."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். மறைக்கவில்லை. நான் பிசைந்து வைத்த கோழியை வெள்ளிக்கிழமை காலையில் குழாய்த் தண்ணீரில் கழுவுவாளாம். தூள் போகும்வரை கழுவி, மோரும் கொஞ்சம் தேனும் போட்டு, என் தூளில் ஒரு சின்னக் கரண்டி மட்டும் சேர்த்து, அவித்துப் பொரிப்பாளாம்.

"நேற்று மட்டுமோ?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்" என்றாள். "இரண்டாவது வெள்ளிக்கிழமையிலிருந்து."

எண்ணெய் டின் மேல் குந்தினேன். வாசல்வரை நீண்ட அந்த வரிசை, நான் திருநீறோடு நின்று சிரித்துச் சிரித்துத் தட்டு நீட்டிய அந்த வரிசை, எனக்கு வந்ததில்லை. என் கோழிக்கு மற்ற நாட்களில் கிடைத்த சுளித்த முகங்கள்தான் என்னுடையவை. வியாழன் இரவுகளில் நாரி முறிய நின்று பிசைந்த தூளெல்லாம் இந்த ஊரின் சாக்கடைக்குள் போயிருக்கிறது.

வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எழுத முடியாதவற்றையும் சொன்னேன். கொரியாக் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "நான் விரதம் எண்டு தெரிஞ்சுகொண்டு செய்தனி" என்றேன். "சாமிக்கு எண்டு வாயைக் கட்டின நாளைப் பாத்து என்னை ஏமாத்தினனி."

"நீங்கள் விரதம் பிடித்தபடியால்தான் செய்ய முடிந்தது" என்றாள். குரல் உயரவில்லை. அந்த அமைதிதான் என்னை இன்னும் எரித்தது. பிறகு சொன்னாள், முதல் வெள்ளிக்கிழமை வந்த சனம் பாதித் தட்டு மிச்சம் வைத்துவிட்டுப் போனதாம். நான் காணக் கூடாதென்று அந்தத் தட்டுகளை அவள்தான் ஓடி ஓடி எடுத்துக் கொட்டினாளாம்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் கடையைப் பூட்டியிருப்பீர்கள். இல்லாவிட்டால் சாப்பிட்டவர்களோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள்."

இரண்டையும் செய்திருப்பேன். அதற்காக அவள் செய்தது சரியாகிவிடாது. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். என் கைப்பக்குவத்தைக் கழுவிவிட்டு என் பெயரில் விற்றிருக்கிறாள்.

கணவருக்கு ஃபோன் எடுத்தேன். "விடுமப்பா, இடம் கிடைச்சது தானே" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பொறுப்பாளனிடம் போனேன். நீங்கள் சாப்பிட்டது என் கோழி இல்லை, என் மகளுடையது என்றேன். அவன் முதலில் விளங்காமல் பார்த்தான். விளங்கியதும் சிரித்தான். அப்படியானால் கிழமை முழுக்க அதையே போடுங்கள், எல்லோருக்கும் அதுதான் பிடிக்கிறது என்றான். மாட்டேன் என்றேன். திங்கள் முதல் வியாழன்வரை இருப்பது என் கோழி, அதற்கு ஒருவர் வந்தாலும் சரி. வெள்ளியும் சனியும் அவளுடைய கோழி, அவளுடைய பெயரில். அது சரியில்லை என்றால் அமெரிக்கப் பொடியனைத் திரும்பக் கூப்பிடு என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

அந்தக் கிழமை நானும் மகளும் அலுவலுக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் கதைக்கவில்லை. புதன்கிழமை ஒரு வயதான டேனிஷ்காரர் வந்து என் கோழியைச் சாப்பிட்டுப் பார்த்து, "இன்றைக்கு உங்கள் மகள் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டை நானே எடுத்துக் கொட்டினேன். வியாழன் இரவு கோழி பிசையவில்லை. வெறும் இறைச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றினேன். திருநீறு பூசினேன். வழக்கத்தைவிட நேரத்தோடு கடைக்குப் போய்ப் பின்குசினி வாசலில் நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சட்டியிலிருந்து ஒரு துளிச் சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். மறுபடி நக்கினாள். பிறகு துண்டுகளை வடித்து எண்ணெயில் போட்டாள். கறிவேப்பிலை வெடித்தது. முதல் தட்டை எடுத்து வைக்கும்போதுதான் என்னைக் கண்டாள்.

நான் உள்ளே போய் ஒரு துண்டைக் கையால் எடுத்தேன். கை சுட்டது.

"அம்மா" என்றாள். "அம்மா, இண்டைக்கு வெள்ளியெல்லோ." தமிழில் சொன்னாள். பயந்துபோய்ச் சொன்னாள். என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்றாள்.

எலும்புவரைக்கும் கடித்தேன். மென்றேன். என் கோழி இல்லை அது. ஆனால் ருசியாக இருந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. விழுங்கிவிட்டு எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"உப்புக் காணாது" என்றேன்.